கரண்டும் இல்ல நெட்டும் இல்ல: யுபிஐ, டிஜிட்டல் ரூபா, பிட்காயின் எது கை குடுக்கும்? அடிக்கடி கேட்கிற கேள்விகள்

2023 டிசம்பர்ல மிக்ஜாம் மழை வந்தப்ப பள்ளிக்கரணைப் பக்கம் முதல் மாடி வீட்டுல மாட்டிக்கிட்டவன் நான். ஞாயித்துக்கிழமை ராத்திரி புடிச்ச மழை, திங்கக்கிழமை காலைல கரண்ட் போச்சு, மதியத்துக்கு மேல சிக்னலும் போச்சு, ரெண்டும் திரும்பி வந்தது வியாழக்கிழமை தான். அக்கவுண்ட்ல சம்பளம் விழுந்து நாலு நாள் கூட ஆகல, பர்ஸ்ல இருந்தது 40 ரூபா, அதுலயும் ஒரு பத்து ரூபா நோட்டு பாதி கிழிஞ்சது. அதுக்கப்புறம் அக்டோபர் பொறந்தாலே சொந்தக்காரங்க, ஆபீஸ் பசங்க, அபார்ட்மென்ட் குரூப்னு எல்லாரும் என்னைய புடிச்சு ஒரே மாதிரி கேள்வி கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதான் மொத்தமா எழுதி வெச்சுட்டேன்.

என் போன்ல தான் சார்ஜ் இருக்கே, கரண்ட் போனா யுபிஐ ஏன் வேலை செய்யாம போகணும்?

உங்க போன் முழுசா இருந்தாலும் டவர்ல உயிர் இருக்கணும்ல. டவர்ல பேட்டரி இருக்கு, அது சில மணி நேரம் தாங்கும், அதுக்கப்புறம் டீசல் ஜெனரேட்டர். ரோட்டுல இடுப்பளவு தண்ணி நிக்கும்போது டீசல் கேன தூக்கிட்டு எவன் வருவான்? அதான் கரண்ட் போனவுடனே சிக்னல் போகாம அரை நாள் கழிச்சுப் போகுது. அந்த அரை நாள் தான் உங்க கைல இருக்குற நேரம், என்ன பண்ணணுமோ அதுக்குள்ள பண்ணிடணும், நான் அந்த நேரத்துல உக்காந்து வெள்ள வீடியோ பாத்துட்டு இருந்தேன்.

இன்னொன்னு. நீங்க 50 ரூபா அனுப்பினா அது நேரா கடைக்காரர் போனுக்கு போறதில்ல. ஆப்ல இருந்து அதுக்குப் பின்னாடி இருக்குற பேங்க், அங்கேருந்து யுபிஐய நடத்துற அமைப்பான என்பிசிஐ, அங்கேருந்து உங்க பேங்க்ல பணம் கழிஞ்சு, அப்புறம் கடைக்காரர் பேங்க்ல ஏறி, திரும்ப ரெண்டு பேருக்கும் தகவல் வரணும். நடுவுல ஒரு கதவு சாத்தியிருந்தாலும் சுத்திக்கிட்டே நிக்கும். மழையே இல்லாத நாள்லயும் இது நடந்திருக்கு, 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 ரெண்டு நாளும் நாடு முழுக்க யுபிஐ திணறுச்சு, வானம் வெளுத்து தான் இருந்துச்சு.

கடைல கரண்ட் இல்லன்னா கடைக்காரரால வாங்க முடியாதா?

வாங்கலாம். கண்ணாடில ஒட்டியிருக்குற கியூஆர் வெறும் பேப்பர் தானே, அதுக்கு கரண்டும் வேணாம் நெட்டும் வேணாம், நெட் வேண்டியது காசு குடுக்குறவருக்கு. ஆனா பணம் வந்துச்சான்னு அவருக்குத் தெரியணும்ல, அந்த சவுண்ட் பாக்ஸுக்குள்ள ஒரு சிம் இருக்கு, பேட்டரி இருக்கு, பேட்டரி இருந்தாலும் சிக்னல் இல்லன்னா அது பேசாது. அப்ப ஆளுங்க ஸ்க்ரீன்ஷாட்ட காட்டுவாங்க. போலி ஸ்க்ரீன்ஷாட் பண்ணிக் குடுக்குறதுக்குன்னே ஆப் சுத்துது, அதனால கடைக்காரர் தலையாட்டலன்னா கோவிச்சுக்காதீங்க, அவர் நிலைமைல இருந்து பாருங்க.

சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போகுது. பணம் கழிஞ்சிடுச்சு, கடைக்காரருக்கு வரல. என்ன பண்றது?

மறுபடி மறுபடி அமுக்காதீங்க, அது தான் முதல் வேலை. நான் திங்கக்கிழமை மதியம் தண்ணி கேனுக்கு மூணு தடவ அமுக்கி மூணு தடவையும் கழிஞ்சுச்சு, கேன் ஒன்னு தான் வந்துச்சு. ரிசர்வ் வங்கி 2019ல போட்ட விதிப்படி கடைக்கு அனுப்பி சேராத பணம் 5 நாளுக்குள்ள தானா திரும்பணும், ஆளுக்கு ஆள் அனுப்பினதுன்னா மறுநாளுக்குள்ள, தாண்டினா நாளுக்கு 100 ரூபா பேங்க் குடுக்கணும். எனக்கு ரெண்டு தடவை பணமும் திரும்பி வந்துச்சு. ஆனா அந்த அஞ்சு நாள்ல தான் உங்களுக்கு பணம் வேணும், அது வேற விஷயம்.

யுபிஐ லைட் போட்டு வெச்சா நெட் இல்லாமயே அனுப்பலாமாமே?

இதுல தான் பாதி பேர் ஏமாறுறாங்க. லைட்டுங்கறது உங்க போன்லயே ஒரு சின்ன பர்ஸ் மாதிரி, அதிகபட்சம் 5,000 ரூபா வெச்சுக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரைக்கும் பின் நம்பர் இல்லாம போகும். பேங்க் சர்வர் திணறும்போது கூட ஓடும், ஏன்னா ஒவ்வொரு டீக்கும் பேங்க் கதவத் தட்ட வேண்டியதில்ல, அந்த விதத்துல ரொம்ப நல்ல சமாச்சாரம், கண்டிப்பா போட்டு வைங்க. ஆனா சாதாரணமா கியூஆர் ஸ்கேன் பண்ணி அனுப்ப நெட் வேணும். சுத்தமா டவரே செத்துட்டா லைட்டும் படுத்துடும்.

நெட்டே இல்லாம போறது அதோட அண்ணன், லைட் எக்ஸ். 2023 செப்டம்பர்ல அறிமுகப்படுத்தினாங்க, போனும் போனும் முதுக ஒட்டி வெச்சா பணம் மாறும். ரெண்டு போன்லயும் அதுக்கான என்எஃப்சி சிப் இருக்கணும், ரெண்டு பேரும் முன்னாடியே போட்டு வெச்சிருக்கணும். எங்க தெருவுல பால் போடுற அண்ணன் போன்ல கேமராவே உடஞ்சு தான் இருக்கு, என்எஃப்சிக்கு எங்க போறது.

ஸ்டார் 99 ஹேஷ்?

போன்ல *99# அடிச்சா வர்ற மெனு வழியா பணம் அனுப்புறது. நல்லது, பழசு, நெட் வேணாம், டப்பா போன்லயும் ஓடும். ஆனா டவர் வேணும். பட்டன் போனுக்குன்னு 2022 மார்ச்ல வந்த 123பேயும் அப்படித்தான், போன் பண்ணியோ மிஸ்டு கால் குடுத்தோ அனுப்பலாம், அதுக்கும் டவர் வேணும். டேட்டா செத்து கால் மட்டும் போகுற நேரம்னு ஒன்னு இருக்கும் பாருங்க, அந்த ரெண்டு மூணு மணி நேரத்துல இது தங்கம். ஒரு தடவ முன்னாடியே பண்ணிப் பழகிக்கோங்க, மெனு வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும், முதல் தடவைலயே வந்தவங்கள நான் பாத்ததில்ல.

அப்புறம் பேரிடர் நேரத்துல டெலிகாம் துறை சொல்லி ஒரு கம்பெனி சிம்முக்கு இன்னொரு கம்பெனி டவர திறந்து விடுவாங்க, போன் செட்டிங்ஸ்ல நெட்வொர்க்க நீங்களா தேர்ந்தெடுத்துப் பாருங்க, சில சமயம் புடிக்கும்.

ரிசர்வ் வங்கியோட டிஜிட்டல் ரூபா இருக்கே, அது நோட்டு மாதிரியே தானாமே?

சட்டப்படி ஆமா. யுபிஐல நீங்க அனுப்புறது பேங்க் உங்களுக்குத் தர வேண்டிய பணம், டிஜிட்டல் ரூபா ரிசர்வ் வங்கியே போட்ட பணம், நோட்டு மாதிரியே 10, 50, 100, 500னு துண்டு துண்டா வேலட்ல உக்காந்திருக்கும். பொதுமக்களுக்கான சோதனை 2022 டிசம்பர் 1ல நாலு ஊர்ல ஆரம்பிச்சாங்க, மும்பை, டெல்லி, பெங்களூரு, புவனேஸ்வர். நெட் இல்லாத இடத்துலயும் ஓடுற மாதிரி கொண்டு வரப்போறோம்னு 2024 பிப்ரவரில சொன்னாங்க. ஐடியா சரியான ஐடியா. ஆனா நெட் இல்லாம குடுக்கணும்னா வாங்குறவர் போன்லயும் அந்த வேலட் இருந்தா தானே முடியும், எங்க ஏரியால நான் கேட்ட வரைக்கும் ஒரு கடைல கூட இல்ல, ஒரு மெடிக்கல்ல மட்டும் "அது பிட்காயின் தானே சார்"னு திருப்பிக் கேட்டாங்க.

எல்லாத்துக்கும் ஏன் இவ்ளோ சின்ன லிமிட்? ஆஃப்லைன்ல 5,000 வெச்சு என்ன பண்ண?

இது தான் உண்மையிலேயே நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவா சொல்றேன்.

நோட்டுக்கு ஒரு குணம் இருக்கு, என் கைல இருந்து உங்க கைக்கு வந்துட்டா என்கிட்ட இல்ல. டிஜிட்டல் பணம் வெறும் கணக்கு. என்கிட்ட 500 இருக்குன்னு எங்கயோ ஒருத்தர் "ஆமா இருக்கு"ன்னு சொல்லணும். நெட் போச்சுன்னா அந்த "ஆமா" சொல்ற ஆள் இல்ல. அப்ப அதே 500ஐ நான் பேக்கரிலயும் குடுக்கலாம், அடுத்த தெரு மெடிக்கல்லயும் குடுக்கலாம், நெட் வந்தப்புறம் தான் ஒருத்தர் ஏமாந்தது தெரியும். இதத் தடுக்க போனுக்குள்ள திறக்க முடியாத சின்ன பெட்டி மாதிரி ஒரு சிப்ல கணக்க பூட்டி வெப்பாங்க. பூட்டுன்னு ஒன்னு இருந்தா உடைக்கிறவனும் இருப்பான்ல, அதனால உடைச்சாலும் பெருசா லாபம் இல்லாத அளவுக்கு தொகைய குறைச்சு வெக்கிறாங்க. 2022 ஜனவரில ஆஃப்லைன் விதி வந்தப்ப ஒரு தடவைக்கு 200 ரூபா தான், மொத்தமே 2,000. அப்புறம் 500 ஆச்சு, 2024 டிசம்பர்ல தான் லைட்டுக்கு இந்த 1,000, 5,000.

இந்த சிக்கல நான் நேர்ல பாத்தேன். செவ்வாய்க்கிழமை தொடையளவு தண்ணில நடந்து எங்க அண்ணாச்சி கடைக்குப் போனேன், கடை கொஞ்சம் மேடு, ஷட்டர் பாதி இறக்கி உள்ள ஒரு மெழுகுவத்தி. ரெண்டு பிரெட், மேகி, கொசுவத்தி, மெழுகுவத்தி எல்லாம் எடுத்தேன், நான் போன எடுக்குறதுக்குள்ளயே "அது கெடக்கட்டும் தம்பி, எழுதிக்கிறேன்"னு நீல அட்டை போட்ட நோட்டத் தொறந்துட்டார். எனக்கு அடுத்து ஒரு பையன், புது அபார்ட்மென்ட்ல அந்த மாசம் தான் குடி வந்திருக்கான், ஐடில வேலை, கழுத்துல ஐடி கார்டு கூட கழட்டல. ஒரு பிரெட்டும் பால் பவுடரும் கேட்டான், காசு இல்ல, நெட் வந்ததும் அனுப்புறேன்னான். அண்ணாச்சி அவனயே பாத்தார், "எந்த வீடு நீங்க?"ன்னார், அவன் அபார்ட்மென்ட் பேரச் சொன்னான், "தெரியலயே தம்பி"ன்னு நோட்ட மூடிட்டார். அதே பிரெட்டு, அதே அலமாரி. அவன் அக்கவுண்ட்ல என்ன விட நாலு மடங்கு இருந்திருக்கும்.

ஆஃப்லைன் பணம்னா அது தான். அண்ணாச்சி நோட்டும் ஆஃப்லைன் வேலட் தான், லிமிட் ஆளுக்கு ஆள் மாறும், எனக்கு ஆயிரம் ரெண்டாயிரம், அந்தப் பையனுக்கு ஜீரோ. சிப்பு போட்டவங்க முகம் பாக்க முடியாதுங்கறதால எல்லாருக்கும் ஒரே லிமிட் போட்டுட்டாங்க, அவ்ளோதான்.

பிட்காயின்? அதுக்கு பேங்கே வேணாமே, பேரழிவுக்கே அது தான் பெஸ்ட்னு யூட்யூப்ல சொல்றாங்களே?

பேங்க் வேணாம், சரி. நெட் வேணாம்னு யாரு சொன்னா?

நியாயமா சொல்லணும்னா அதோட வலிமை ஒன்னு இருக்கு. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல ஒரே கணக்கு இருக்கு, அதனால பள்ளிக்கரணைல கரண்ட் போனா அதுக்கு ஒன்னும் ஆகாது. 2022 ஜனவரில கஜகஸ்தான்ல கலவரம் வந்து அரசாங்கமே நெட்ட கட் பண்ணுச்சு, அப்ப மைனிங்ல, அதாவது அந்தக் கணக்க மெஷின் வெச்சு சரிபாத்து எழுதுற வேலைல, உலகத்துல அமெரிக்காவுக்கு அடுத்த இடம் அவங்களுக்கு தான், அவ்ளோ மெஷின் ஒரே அடில நின்னும் பிட்காயின் நிக்கல. ஆனா கஜகஸ்தானுக்குள்ள உக்காந்திருந்தவனுக்கு அதனால என்ன பிரயோஜனம்? அவன்கிட்ட நெட் இல்ல, ஏடிஎம் இல்ல, ரொட்டி வாங்க காசு தான் வேணும். நெட்வொர்க் உயிரோட இருக்குறதும் நீங்க அதுக்குள்ள போக முடியறதும் ரெண்டு வேற வேற விஷயம், இத யூட்யூப்ல சொல்ல மாட்டாங்க.

சாட்டிலைட் பத்தியும் கேப்பாங்க. பிளாக்ஸ்ட்ரீம்னு ஒரு கம்பெனி 2017ல இருந்து பிட்காயின் கணக்க சாட்டிலைட்ல ஒலிபரப்பு பண்றாங்க, டிஷ் வெச்சா நெட் இல்லாம வாங்கிக்கலாம். அது வாங்குறதுக்கு மட்டும், டிவி மாதிரி. நீங்க பணம் அனுப்ப வேற வழி வேணும். மொட்டை மாடில டிஷ்ஷு, லேப்டாப்பு, அதுக்கு இன்வெர்ட்டரு, இவ்ளோ செட்டப்பும் பண்ணி சராசரி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ தான் கணக்குல புதுப் பக்கம் (பிளாக்) ஏறும்னு காத்திருந்து பால் பாக்கெட் வாங்கணும்னா, பால்காரர் படகுல வந்தவர், அவர் நிக்க மாட்டார். இதுல நம்ம ஊர்ல லாபத்துக்கு 30 சதவீதம் வரி, விக்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் வேற.

ஒன்னே ஒன்னு ஒத்துக்கறேன். வீடு வாசல் எல்லாம் போய் வேற ஊருக்கு ஓட வேண்டிய நிலைமைன்னா பிட்காயின் வேலட்டுக்கு சாவி மாதிரி இருக்குற 12 வார்த்தைய மனசுல வெச்சிருந்தா போதும், சேமிப்பு கூடவே வரும். அது போர், நாடு விட்டு நாடு போறதுக்கான கதை. நாலு நாள் மழைக்கு இல்ல.

வெளிநாட்டுல இதெல்லாம் நடந்திருக்கா?

2025 ஏப்ரல் 28 மதியம் பன்னெண்டரைக்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் மொத்தமா இருண்டு போச்சு. கார்டு மெஷின் எல்லாம் செத்துப்போய் கைல சில்லற வெச்சிருந்தவங்க தான் பேட்டரி ரேடியோவும் தண்ணியும் வாங்கினாங்க. மறுநாள் காலைல பெரும்பாலும் கரண்ட் வந்துடுச்சு, அதனால தப்பிச்சாங்க. 2017 செப்டம்பர்ல மரியா புயல் அடிச்ச புவேர்ட்டோ ரிக்கோல அப்படி இல்ல, மாசக்கணக்கா கரண்ட் இல்ல, அமெரிக்க மத்திய வங்கி பிளேன்ல நோட்டு அனுப்ப வேண்டியதாச்சு. நோட்ட மறக்க ஆரம்பிச்ச ஸ்வீடனே இப்ப வீட்டுல கொஞ்சம் ரொக்கம் வெச்சுக்கோங்கன்னு மக்கள்கிட்ட சொல்லுது.

அப்ப ரொக்கம் தான் ராஜான்னு சொல்றீங்க?

அவசரப்படாதீங்க. 2016 ஞாபகம் இருக்கா? நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாதுன்னாங்க, டிசம்பர் 12 வர்தா புயல் சென்னைய அடிச்சுது. ஏடிஎம்ல ஒரு நாளைக்கு 2,500 தான், அதுவும் பணம் இருந்தா, புயலுக்கப்புறம் கரண்ட்டும் இல்ல. கார்டு தேய்க்க சிக்னல் இல்ல. கைல இருந்த ஒரே 2,000 ரூபா நோட்டுக்கு சில்லற குடுக்க ஊர்ல ஆளில்ல. ரோடு பூரா மரம், கைல பணம் இருந்தும் அன்னைக்கு டீ குடிக்க முடியல. அன்னைக்கு ரொக்கம், டிஜிட்டல்னு ரெண்டு காலும் ஒன்னா உடஞ்சுது.

நோட்டுக்கு இன்னொரு எதிரி தண்ணி. 2015 வெள்ளத்துல முடிச்சூர்ல எங்க சித்தி வீட்டு பீரோ அடித்தட்டுல இருந்த பணம் சேத்துல ஊறி ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிச்சு, அயர்ன் பாக்ஸ் போட்டுக் காய வெச்சதுல ரெண்டு நோட்டு கருகிடுச்சு. அப்படி ஆச்சுன்னா அயர்ன் பண்ணாதீங்க, நிழல்ல காய வைங்க, பேங்க்ல மாத்திக் குடுக்கணும்னு விதி இருக்கு. 50 ரூபாயும் அதுக்கு மேலயும் உள்ள நோட்டுல 80 சதவீதத்துக்கு மேல முழுத்துண்டா இருந்தா முழுப்பணம், 40ல இருந்து 80 வரைக்கும் பாதிப் பணம், 20ம் அதுக்குக் கீழயும் பாதிக்கு மேல இருந்தா முழுசு. அக்கவுண்ட்ல இருக்குற பணம் நனையாது, இத மறந்துட்டுப் பேசக்கூடாது.

பின்ன டிஜிட்டல் பணத்தால இந்த நேரத்துல என்னதான் உபயோகம்?

புயல் நடுவுல கம்மி. முன்னாடியும் பின்னாடியும் ரொம்ப. கோயம்புத்தூர்ல இருந்த தம்பி தான் சிக்னல் போறதுக்கு முன்னாடி எனக்கு ரீசார்ஜ் பண்ணான், தண்ணி வடியறதுக்குள்ள படகு வெச்சிருந்த பசங்களுக்கு டீசல் காசு வெளியூர்ல இருந்து நூறு பேர் அனுப்பினாங்க, அந்தப் பசங்க சிக்னல் இருக்குற மெயின் ரோட்டுக்கு வந்து வாங்கிட்டு உள்ள போனாங்க. வெளில இருந்து உள்ள பணம் கொண்டு வர இத விட வேகமான வழி இல்ல. ஆனா உள்ள கைக்கு கை மாத்துறதுக்கு அது உதவல. அரசாங்கத்துக்கும் இது தெரிஞ்சிருக்கும் போல, மிக்ஜாம் நிவாரணம் 6,000 ரூபாய டோக்கன் குடுத்து ரேஷன் கடைல ரொக்கமா தான் குடுத்தாங்க.

கரண்ட் நல்லா இருக்கு, நெட்ட மட்டும் அரசே நிறுத்திட்டா?

2018 மே மாசம் துப்பாக்கிச் சூட்டுக்கு அப்புறம் தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரில நெட்ட நிறுத்துனாங்களே, அந்த மாதிரி. அப்ப கால் போகும், அதனால ஸ்டார் 99, 123பே ரெண்டும் முயற்சி பண்ணலாம். வெறும் கரண்ட் கட்ட விட இது ஒரு விதத்துல நல்லது.

மொத்த தமிழ்நாடும் ஒரே நேரத்துல இருண்டு போகுமா?

2012 ஜூலை 30, 31ல வட, கிழக்கு, வடகிழக்கு இந்தியால 60 கோடிக்கும் மேல பேருக்கு கரண்ட் போச்சு, நம்ம தப்பிச்சோம், ஏன்னா அப்ப தெற்கு கிரிட் தனி. 2013 கடைசி நாள்ல ராய்ச்சூர் சோலாப்பூர் லைன் வழியா நம்மளயும் சேத்துட்டாங்க. பயமுறுத்த சொல்லல. ஆனா நமக்கு நிஜமான ஆபத்து கிரிட்டு இல்ல, கம்பம் தான். 2018 கஜால டெல்டா பக்கம் ஒரு லட்சத்துக்கும் மேல கம்பம் சாஞ்சுது, பட்டுக்கோட்டைல எங்க அத்தை வீட்டுக்கு மூணு வாரம் கழிச்சு தான் கரண்ட் வந்துச்சு. ஜெனரேட்டர் வெச்சிருந்தவர் டேங்க்ல தண்ணி ஏத்துறதுக்கு ரொக்கம், போன் சார்ஜ் போடுறதுக்கு ரொக்கம், கடன் சொன்னா சிரிப்பார்.

சரி, எவ்ளோ ரொக்கம் வெச்சுக்கணும்?

நாங்க வீட்டுல நாலு பேரு, 3,000 வெச்சிருக்கோம். நூறு ரூபா 15, அம்பது 20, இருபது 15, பத்து 20. ஐநூறு நோட்டு ஒன்னு கூட இல்ல, சில்லற இல்லாத நாள்ல ஐநூறுக்கு மதிப்பே இல்ல. ஜிப் போட்ட கவர்ல போட்டு அரிசி டப்பாக்குள்ள, பீரோ அடித்தட்டுல வேணவே வேணாம். பத்து ரூபா காயின் மத்த நாள்ல நம்ம ஊர்ல பாதி பேர் வாங்க மாட்டாங்க, வெள்ளத்தன்னைக்கு வாங்கினாங்க, அதையும் ஒரு கைப்பிடி போட்டு வைங்க. கூடவே லைட்ல 2,000, பவர் பேங்க் ஃபுல்லு. மழை எச்சரிக்கை வந்த அன்னைக்கே ஏடிஎம் போங்க, மறுநாள் போனா காவலாளி மட்டும் தான் இருப்பார்.

அந்த பிரெட் பையன் என்ன ஆனான்?

எல்லாரும் இத தான் கடைசியா கேக்குறீங்க. "என் கணக்குல சேத்து எழுதிக்கோங்க அண்ணாச்சி"ன்னு சொல்லி வாங்கிக் குடுத்தேன், என் நம்பர அவன் போன்ல குறிச்சுக்கிட்டான். வியாழக்கிழமை மதியம் ஃபேன் சுத்துன அஞ்சு நிமிஷத்துல சிக்னல் வந்துச்சு, வீட்டுல இருந்து யாரும் கூப்பிடுறதுக்கு முன்னாடி முதல்ல வந்த மெசேஜ் 135 ரூபா வரவு. சாயங்காலம் போய் அண்ணாச்சிக்கு 1,140 அனுப்புனேன், சவுண்ட் பாக்ஸ் கத்துச்சு. கத்தி முடிச்சதுக்கு அப்புறம் தான் அவர் பேனாவ எடுத்து நோட்டுல கோடு போட்டார்.